ஏழாம் படுக்கையின் புகார்

"ஏம்மா, புகார் எழுதற ஃபாரம் ஒண்ணு இருக்காமே? அதைக் கொண்டா."

ஏழாம் நம்பர் படுக்கை லாரி டிரைவர் இப்படிக் கேட்டதும் நர்ஸுக்குப் பகீரென்றது.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அந்தப் படுக்கையின் திரையை விலக்கிக்கொண்டு, நோயாளிகளுக்காக ஜெபிக்க வரும் ஆயரம்மா வெளியே வந்தார். காதில் போன், முகத்தில் சங்கடம். நர்ஸிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே மாடிப்படி பக்கம் ஓடிவிட்டார்.

"யார் மேலங்கய்யா புகார்?"

"இப்பப் போனாங்களே, அந்தம்மா விஷயமாத்தான். ஒன்பது நாளாப் பாக்கறேன். இதைச் சும்மா விடக் கூடாது."

வந்த அன்றைக்கே ஆரம்பித்த தகராறு அது. லாரியிலிருந்து இறங்கும்போது கால் தவறி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வந்து சேர்ந்தவர் அவர்.

"நான் இந்த ஆஸ்பத்திரியோட ஆயர். உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று ஆயரம்மா கேட்டதும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஆம்பளைப் பாஸ்டர் யாரும் இல்லையா?"

"இல்லைங்கய்யா, நான் மட்டும்தான்."

"அப்ப வேண்டாம். பொம்பளை ஜெபமெல்லாம் நமக்குச் சரிப்படாது."

இடுப்பைத் திருப்ப முடியாததால் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரிங்கய்யா. தண்ணியாவது குடிக்கிறீங்களா?"

தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார். அடுத்தடுத்த நாளும் அதேதான். ஆயரம்மா வருவார், தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார், லாரியைப் பற்றி ரெண்டு வார்த்தை கேட்பார், போய்விடுவார்.

அப்புறம் நடந்தது நர்ஸுக்குத் தெரியாது. நாலு நாள் குழந்தைகள் வார்டில் போட்டிருந்தார்கள். இன்று காலையில்தான் திரும்பி வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக இது!

"ஆறு மாசம் வெச்சுப் பாக்கலாம். ஒரே ஒரு புகார் வந்தாலும் ஆளை மாத்திடுவோம்" என்று சொல்லித்தான் நிர்வாகக் குழு ஆயரம்மாவைச் சேர்த்திருந்தது. அந்த ஆறு மாசம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

பெண்கள் வார்டில் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு மூன்று நாள் வாயே திறக்காமல் கிடந்த பெண்ணை நர்ஸ் நினைத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவளை வாய்விட்டு அழ வைத்தது இந்த ஆயரம்மாதான். டாக்டராலும் முடியவில்லை, பெற்ற தாயாலும் முடியவில்லை.

"ஐயா, கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. நாளைக்கு எனக்கு ஆபரேஷன். அதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்துடணும்."

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்." எழுதும்போது காரத்தைக் கொஞ்சம் குறைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

"வேண்டாம்மா. என் புகாரை நானே எழுதினாத்தான் மதிப்பு."

வேறு வழியில்லை. கொண்டுவந்து கொடுத்தாள்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவை அழுத்திப் பிடித்து, கால் மணி நேரம் எழுதினார். நாலாக மடித்து நீட்டினார்.

"நேராக் கொண்டுபோய்ப் பெட்டியில போட்டுடு."

லிஃப்ட் பக்கத்தில்தான் பெட்டி இருந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். கை பெட்டி வரைக்கும் போனது. பிறகு தன் சட்டைப் பைக்குள் போனது.

மதியம் மாத்திரை கொடுக்கப் போனபோது அவர் மறக்காமல் கேட்டார்.

"போட்டியாம்மா?"

"போட்டுட்டேங்கய்யா."

பதினெட்டு வருஷ வேலையில் நோயாளியிடம் அவள் சொன்ன முதல் பொய்.

"நல்லா இரும்மா" என்றார் அவர்.

அந்த வார்த்தை நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மனசு மாறவில்லை. ஒரு முரட்டு மனுஷனின் வீம்புக்காக ஒரு நல்ல பெண்ணின் வேலை போவதா?

படுக்கை விரிப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காகிதத்தை எடுத்தாள். கிழிக்கப் போனாள்.

என்ன பழி போட்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டாவது கிழிக்கலாமே என்று தோன்றியது. பிரித்தாள்.

கோணல்மாணலான எழுத்து. முதல் வரியிலேயே அவள் கண் நின்றுவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு படித்தாள்.

"குறை என்னவென்றால், மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆயரம்மாதான் இருக்கிறார். நாலு நாளாக அவரை எனக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்டு வருகிறேன். ஒரு நாளாவது ஆமென் வரைக்கும் போக விடாமல், பாதியிலேயே வேறு வார்டிலிருந்து போன் போட்டுக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஆகவே உடனடியாக இன்னொரு ஆயரைப் போடவும். அவரும் பொம்பளையாகவே இருக்கட்டும்."