பச்சை வந்தால்

“உங்க கக்கூஸ்ல சாயம் ஊத்தப் போறோம். அந்தப் பச்சை ஓடையில வந்துச்சுன்னா, இன்னிக்கே பூட்டுதாம்மா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

முருகவேல் சொன்னதும் பாஞ்சாலைக்கு முகம் சுருங்கிவிட்டது. ஓடைக்கரையில் ஏழு வீடு. ஏழுக்கும் சேர்த்து அந்த ஒரு கக்கூஸ்தான்.

“மருமவளுக்குப் பிரசவமாகி பன்னெண்டு நாள்தான் ஆவுது சார். தையல்கூட பிரிக்கல. இதையும் மூடிட்டா அவ எங்க போவா?”

“அதை ஓடையைக் கெடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வரும் அந்த ஓடையில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று கணக்கெடுக்க வந்த குழுவுக்கு முருகவேல்தான் மேற்பார்வை. கூட வேலை பார்க்கும் அபிநயா, வலையில் அள்ளிய சேற்றை வெள்ளைத் தட்டில் பரப்பி, குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

“மலையடியில எடுத்த தட்டுல தும்பிப் புழு பதினேழு, குட்டி இறால் ஒன்பது சார். இங்க வெறும் செவப்புப் புழு. சாக்கடையில நெளியுமே, அது மட்டும்தான்.”

“அப்ப நடுவுல யாரோ ஓடையைச் சாகடிக்கிறாங்க. யாருன்னுதான் பார்த்தாலே தெரியுதே.”

நடுவில் இருந்தது இரண்டே. இந்த ஏழு வீடு. கொஞ்சம் மேலே, பாலத்துக்கு அடியில், ஒரு சிமென்ட் குழாய்.

“அந்தக் குழாய் சார்?” என்றாள் அபிநயா.

“அது எங்க நகர்லேருந்து வர்ற மழைத்தண்ணிக் குழாய்ம்மா. என் வீட்டு வாசல்லதான் ஆரம்பிக்குது.”

“மழை பேஞ்சி ரெண்டு மாசமாவுது. இன்னும் ஒழுவுதே சார்?” பாஞ்சாலை கேட்டாள்.

“யாராவது கார் கழுவியிருப்பாங்க. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கு, தெரியுமா?”

“எங்களுக்கும் இருக்குது சார். ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி லாரி வந்து உறிஞ்சிக்கினு போவுது.”

முருகவேல் சிரித்துவிட்டார்.

“ஆறு மாசத்துலயே ரொம்பிடுதா? நான் வீடு கட்டி நாலு வருஷம். டேங்க் மூடியைத் தொறந்ததே இல்ல. கட்டற மாதிரி கட்டணும்மா.”

கையை நீட்டி நீட்டிப் பேசினார். நகக்கண்ணெல்லாம் பச்சை.

“இன்னா சார், சாயப் பட்டறையிலேருந்து வர்றீங்களா?” பக்கத்து வீட்டு சந்திரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“காலையில ஒரு சாயப் பாட்டில் பைக்குள்ளயே ஒடைஞ்சிடுச்சு. பையை ஊற வச்சிட்டு வர்றேன். இன்னொரு பாட்டில் இருக்கு. அது உங்களுக்குத்தான்.”



செல்போன் அடித்தது. அவர் மனைவி.

“ஆமா, பை ஊறுன பக்கெட்டுதான்... ஐயோ, பாத்ரூம் தரையில கொட்டாத! டைல்ஸ் கறையாயிடும். கக்கூஸ்ல ஊத்தி நல்லா தண்ணி விடு.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டிலை அபிநயாவிடம் நீட்டினார்.

“நீ போய் அவங்க கக்கூஸ்ல ஊத்திட்டு நாலு பக்கெட் தண்ணி விடு. நான் இங்க நின்னு பாக்கறேன். கால் மணி நேரத்துல தெரிஞ்சிடும்.”

“சார், கைக்குழந்தை இருக்கற இடம்...”

“நம்ம பாரத்துல குழந்தைக்குன்னு கட்டம் கிடையாதும்மா. போ.”

அபிநயா வீடுகளுக்குப் பின்னால் போனாள்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பாஞ்சாலை தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே குழந்தை அழுதது. யாரும் போய்த் தூக்கவில்லை.

“வந்துடுச்சு!”

முருகவேல் கத்தினார். கறுத்த தண்ணீரில் கிளிப்பச்சையாக ஒரு கோடு நெளிந்து வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமானது.

“நான்தான் சொன்னேனே! இப்ப என்ன சொல்றீங்க?”

பாஞ்சாலை அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் பாரத்தை எடுத்தார். ‘கழிப்பறையை உடனே மூட வேண்டும்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“கதவு நம்பர் சொல்லும்மா.”

அதற்குள் அபிநயா ஓடி வந்தாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. நான் இன்னும் ஊத்தவே இல்ல. அந்தப் பொண்ணு உள்ள இருக்குது, வெளிய வரட்டும்னு நின்னுட்டிருந்தேன்.”

பாட்டில் அவள் கையில் இருந்தது. மூடியின் சீல்கூடப் பிரியவில்லை.

எல்லோரும் பாலத்துப் பக்கம் திரும்பினார்கள்.

சிமென்ட் குழாய் கிளிப்பச்சையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

முருகவேல் தன் விரல்களைப் பார்த்தார். பேனாவைப் பிடித்திருந்த நகக்கண்ணிலும் அதே பச்சை.

அபிநயா மெதுவாக அந்தப் பாரத்தையும் பேனாவையும் அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“கதவு நம்பர் சொல்லுங்க சார்.”

பாஞ்சாலை எழுந்து வந்து அபிநயாவின் கையைப் பிடித்தாள்.

“அவசரப்பட்டு எழுதிடாதம்மா. சாரு வூட்ல கைக்கொழந்த ஏதுனா இருக்குதான்னு மொதல்ல கேளு.”