பாரம் ஏற்றிப் பார்க்கணும்

“மேடு ஏறுமா தம்பி? அதை மட்டும் சொல்லுங்க.”

வீரய்யா பின்னால் சாமான் தட்டுள்ள அந்த டபுள் கெப் வண்டியின் பானட்டைத் தட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வந்த பத்து நிமிடத்தில் இது நான்காவது தடவை.

“என்ன ஐயா இப்பிடிக் கேக்குறீங்க? ரெண்டாயிரத்தி எண்ணூறு சீசீ டீசல். சுவத்துல சாத்தி வெச்சாலும் ஏறும்” என்றான் ஹில்மி.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வாகன விற்பனை நிலையத்தில் ஹில்மிக்கு இது மூன்றாவது மாதம். முதல் இரண்டு மாதமும் அவன் கையால் ஒரு வண்டிகூடப் போகவில்லை. இந்த மாதமும் அப்படியென்றால் முதலாம் தேதியிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். இன்று முப்பது.

“விலை?”

“நூத்தி அறுபத்தஞ்சு லட்சம். பக்கத்துல நிக்கிறது ரெண்டாயிரத்தி நானூறு சீசீ, நூத்தி நாப்பத்தெட்டு.”

“நானூறு சீசீக்குப் பதினேழு லட்சமா?”

“பெரிசு ஓட்டோ கியர் ஐயா. வருசமும் புதுசு. ஆனா டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். சின்னது லீட்டருக்குப் பதினொண்டு ஓடும்.”

“சின்னது பாரத்தோட மேடு ஏறுமா?”

மறுபடியும் மேடு. ஹில்மி உண்மையைச் சொன்னான். “ஏறும். ஆனா மூச்சு வாங்கும்.”

“அப்ப பெரிசையே பாப்போம். குண்டசாலை மஹ்மூத் இதே எஞ்சினை நூத்தி அறுபதுக்குப் பேசுறாரு. காலையிலதான் பாத்தேன்.”

போன மாதம் ஹில்மியிடம் பேரம் பேசிவிட்டுப் போன இரண்டு பேருமே கடைசியில் மஹ்மூத்திடம்தான் வாங்கினார்கள்.

“விலையைப் பேசிக்கலாம் ஐயா. ஓட்டிப் பாருங்க.”

“சும்மா ஓட்டி என்ன தெரியும்? பாரம் ஏத்திப் பாக்கணும். ஹந்தானை மேட்டுல பாக்கணும். பத்தே முக்காலோட நல்ல நேரம் முடியுது, அதுக்குள்ள எல்லாம் ஆகணும்.”

நல்ல நேரம் என்றதும் ஹில்மிக்கு உயிர் வந்தது. நேரம் பார்த்து வருகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். கடைக் கதிரையில் உட்கார்ந்து, சுப நேரம் பிறக்கும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து கையெழுத்துப் போட்டவர்களை அவன் பார்த்திருக்கிறான். மனைவி அஸீமாவுக்கு அவசரமாக ஒரு செய்தி அனுப்பினான்: ‘ஒரு வண்டி போகுது. துஆ செய்ங்க.’

பாரம் ஏற்ற வண்டியை வீரய்யாவின் வாடகை வீட்டுக்கு விட்டார்கள்; இரண்டு தெரு தள்ளி. அவர் மனைவி கலாராணி பட்டுச்சேலையில் வாசலில் நின்றாள். பக்கத்தில் பாய் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு தேக்கு அலுமாரி.

“ஒங்களுக்குப் பலசரக்குக் கடைன்னு சொன்னீங்க தானே ஐயா. ரெண்டு சீனி மூட்டை ஏத்தினா போதாதா?”

“மூட்டை படுத்துக்கும் தம்பி. உயரமான சாமான் ஏத்தினாத்தான் வளைவுல வண்டி எப்பிடி நிக்குதுன்னு தெரியும்.”

எத்தனை விவரமான ஆள் என்று ஹில்மி வியந்தான். அலுமாரியின் ஒரு முனையை அவனே தூக்கினான். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது.

“இந்த ஆட்டுக்கல்லையும் வைங்க தம்பி. பின்பக்கம் கனம் வேணுமில்ல” என்றாள் கலாராணி.

அதையும் வைத்தான்.

“நீங்களே ஓட்டுங்க. நான் எஞ்சின் சத்தத்தைக் கேக்குறேன்” என்று வீரய்யா முன்னால் ஏறிக்கொண்டார். கலாராணி பின்சீட்டில் மடியில் ஒரு பையை அணைத்தபடி உட்கார்ந்தாள்.

டவுன் நெரிசலில் முக்கால் மணி நேரம் போயிற்று. வீரய்யா கடிகாரத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஹந்தானைச் சந்தியில் சிவப்பு விளக்கைப் பார்த்து “சனியன்” என்று முனகினார்.

மேடு தொடங்கியது. முதல் வளைவை வண்டி அலுங்காமல் எடுத்தது.

“பரவாயில்லையே” என்றார் வீரய்யா.

“ஒங்களுக்காக நூத்தி அறுபத்திமூணு போட்டுத் தாரேன் ஐயா.”

இரண்டாவது வளைவில் அலுமாரி லேசாக முனகியது. “அறுபத்தொண்டு” என்றான் ஹில்மி. மூன்றாவது வளைவில் வீரய்யா மஹ்மூத்தின் பெயரை எடுத்தார். “சரி, நூத்தி அம்பத்தொம்பது. மொதலாளிக்கிட்ட நான் பேசுறேன்.”

“பேசலாம், பேசலாம். அந்தா, வலது பக்கம் திருப்புங்க.”

வலது பக்கம் இருந்தது பாதையே இல்லை, கொங்கிரீட் போட்ட ஒரு ஏணி. ஹில்மி பிஸ்மி சொல்லி மிதித்தான். வண்டி உறுமிக்கொண்டே ஏறி, சுண்ணாம்பு வாசனை போகாத ஒரு புது வீட்டின் முன்னால் நின்றது. நிலையில் மாவிலைத் தோரணம். வாசலில் மூன்று கல் கூட்டிய அடுப்பு.

“பத்து முப்பத்தஞ்சு. புள்ளையாரே, தப்பிச்சேன்” என்று வீரய்யா குதித்து இறங்கினார். கலாராணி பையிலிருந்து பால் போத்தலையும் புதுப் பானையையும் எடுத்துக்கொண்டு அடுப்புக்கு ஓடினாள்.

ஹில்மி இறங்கி நின்றான். “ஐயா, வண்டி...?”

“நல்ல எஞ்சின் தம்பி, குறை சொல்ல முடியாது. இந்த மேட்டுக்கு வர மாட்டேன்னு எல்லா லொறிக்காரனும் கையை விரிச்சிட்டான்.” வீரய்யா அவன் தோளைத் தட்டினார். “வீடு கட்டினவன்கிட்ட வண்டிக்கு ஏது காசு? பால் பொங்கிடும், குடிச்சிட்டுத்தான் போகணும்.”

வராந்தாவில் சுருட்டிவைத்த மெத்தைமேல், சட்டைக் கையை மடித்துவிட்டு வியர்வை காய உட்கார்ந்திருந்த ஆளை அப்போதுதான் ஹில்மி கவனித்தான். குண்டசாலை மஹ்மூத்.

மஹ்மூத் அலுமாரியைப் பார்த்தான், ஹில்மியைப் பார்த்தான், மெத்தையில் சற்று நகர்ந்து இடம் விட்டான்.

“வா, ஒக்காரு. நான் கட்டில். பிரிட்ஜைக் கொண்டுவந்த பேராதனைப் பொடியன், நூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும் எறங்கிப் பாத்துட்டு, இப்பதான் போறான்.”