குதிகால்

சமையலறைக் கதவு நிலையின் முன்னால் அக்கா நிற்கிறாள். நிலையில் அப்பா போட்ட பென்சில் கோடுகளின் மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை இங்கே நிறுத்தி, காதில் செருகிய தச்சுப் பென்சிலை உருவி அவள் உயரத்தை அவர் குறித்த கோடுகள். பக்கத்தில் அவர் கையெழுத்து: இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. வீட்டுக்கு எத்தனை முறை வெள்ளையடித்தாலும் இந்த மரத்தை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை. இப்போது அந்தக் கோடுகளின் மேல் அக்காவின் இடது கை விரல்கள் சிலந்தி மாதிரி ஏறுகின்றன. புற்றுநோய் கண்ட மார்பையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்த பிறகு தோள் இறுகிவிட்டது. தினமும் இப்படி ஏற்றிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள் ஆஸ்பத்திரியில். நாலாம் வகுப்பைத் தாண்டிய விரல், ஐந்துக்குக் கீழே நின்றுவிடுகிறது.

“அம்மாடி, இழுக்குதுடி.”

“மெதுவா ஏத்துக்கா. யாரு துரத்துறா?” என்கிறாள் பக்கத்தில் பென்சிலோடு நிற்கும் தங்கை.

“பெரிய டாக்டரு இவ.” சொல்லிக்கொண்டே நைசாக ஐந்தைத் தொட்டுவிடுகிறாள் அக்கா. தங்கை குனிந்து பார்க்கிறாள்.

“குதிகாலைக் கீழ வை.”

அப்பாவின் அதே அதட்டல். அக்கா நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். குதிகால் இறங்க, விரலும் கோட்டைவிட்டு இறங்குகிறது. அந்த இடத்தில் தங்கை கோடு போடுகிறாள்.

“ஒரு விரக்கடைதான் பாக்கி. அப்பா இருந்தா இதையே அஞ்சுன்னு எழுதியிருப்பாரு.”

“எழுதவே மாட்டாரு,” என்கிறாள் அக்கா. இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தியிருக்க, விரல்கள் மறுபடி இரண்டாம் வகுப்பிலிருந்து ஏறத் தொடங்குகின்றன.