சங்கு ஊதாத பிற்பகல்

தர்யோனோ முதலில் மின்சாரத்தை நிறுத்தினான். மீட்டரை வைத்துப் பார்த்தான். பூஜ்யம் காட்டியது. அதன் பிறகுதான் பெட்டிக்குள் கையை விட்டான்.

அவன் அப்படித்தான். அலுவலகத்தில் கவனமான ஆள் என்று பெயர்.

ஆற்று மதகை ஒட்டிய காவல் அறையின் சுவரில், ஆளுயரத்துக்கு மாட்டியிருந்த இரும்புப் பெட்டி அது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு அடியில் இரண்டு பேட்டரிகள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் கம்ப்யூட்டர் தானாக அபாயச் சங்கை ஊதிவிடும். காவலர் கையால் அழுத்துவதற்கும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. மின்சாரம் போனால் எல்லாவற்றுக்கும் பேட்டரிதான்.

மூன்று வாரத்துக்கு முன், நோன்பு மாதத்தில் ஒரு பிற்பகல், மலையில் பெய்த மழை மொத்தமாக இறங்கி வந்தது. இடி விழுந்து மின்சாரம் போனது. சங்கு ஊதவில்லை.

கீழ்த்தெருவில் ஏழு பேர் செத்தார்கள். எட்டாவது ஆள் மதகுக் காவலர் சுகெமி. அவர் உடல் கீழ்த்தெரு வேலியில் சிக்கிக் கிடந்தது.

மறுநாள் மின்சாரம் வந்ததும் அதிகாரிகள் வந்து பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். சங்கு ஊதியது. இடியில் கம்ப்யூட்டர் நின்றிருக்கலாம், காவலராவது பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், நோன்புக் களைப்பில் தூங்கிவிட்டார், தண்ணீர் வந்த பிறகு விழித்து ஓடியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று புதுப் பேட்டரி மாட்ட இன்று தர்யோனோவை அனுப்பியிருந்தார்கள்.

பழைய பேட்டரிகளை அளந்தான். இருபத்தைந்தரை வோல்ட். கிட்டத்தட்ட முழுசாக இருந்தது.

பிறகு பேட்டரியிலிருந்து போகும் சிவப்பு வயரில் ஃபியூஸ் மாட்டும் இடத்தைத் திறந்தான்.

காலியாக இருந்தது.

ஜனவரியில் பராமரிப்புக்கு அவன்தான் வந்திருந்தான். தளர்ந்த வயர்களை முறுக்கும் முன் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதுதான் முறை. முறுக்கி முடிக்கும் நேரத்தில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வேறொரு மதகில் கோளாறு, உடனே போ என்றார்கள். பெட்டியைப் பூட்டிவிட்டுக் கிளம்பினான். இரண்டு நாள் கழித்துச் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி, பையில் கிடந்ததை அவனிடம் கொடுத்தாள். கையில் மிச்சம் வந்தது போல என்று கருவிப் பெட்டியில் போட்டுவைத்தான்.

மின்சாரம் இருந்த வரை எல்லாம் ஓடியது. யாருக்கும் தெரியவில்லை.

மின்சாரம் போன அந்தப் பிற்பகலில் சுகெமி அந்தப் பொத்தானை நூறு முறை அழுத்தியிருந்தாலும் சங்கு ஊதியிருக்காது.

கருவிப் பெட்டியின் மூலையில் அந்த ஃபியூஸ் இன்னும் கிடந்தது. எடுத்தான். இதை மாட்டி, பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனால் முடிந்தது. கேட்க ஒருவரும் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம். சுகெமியின் மனைவி துமிரா தேநீர் கொண்டுவந்தாள். கொஞ்சம் ஆறிப்போயிருந்தது.

"குடி தம்பி. இந்தப் பக்கம் இப்ப ஒருத்தரும் வர்றதில்ல."

ஏழாம் நாள் துஆ ஓதும் பிரார்த்தனைக்கு இமாம் மட்டும்தான் வந்தாராம். கீழ்த்தெருவிலிருந்து ஒரு வீடுகூட வரவில்லையாம். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை.

தர்யோனோ தம்ளரை வாங்கவில்லை. கையை விரித்து ஃபியூஸைக் காட்டினான். அது என்ன, எங்கே இருந்திருக்க வேண்டும், எங்கே இருந்தது, எல்லாவற்றையும் சொன்னான்.

"அவர் தூங்கல அக்கா. அழுத்திப் பார்த்திருக்கார். ஊதலன்னதும் சத்தம் போட்டுச் சொல்ல ஓடியிருக்கார். உசுருக்குப் பயந்து ஓடுறவர் மேட்டுப் பக்கம்தான் ஓடியிருப்பார், கீழ்த்தெருவுக்கு இல்ல."

அறைவாள், ஊரைக் கூட்டுவாள் என்று நின்றான்.

துமிரா தம்ளரைத் தரையில் வைத்தாள். அந்தச் சிவப்புப் பொத்தானைப் பார்த்தாள்.

"ஊரை விடு. நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். "நேத்துக்கூட அவர் குழிமேட்டுல போய் நின்னு திட்டிட்டு வந்தேன். அத்தன உசுரு போற அளவுக்கு அப்படி என்ன தூக்கம் உங்களுக்குன்னு."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வா தம்பி, குழிமேட்டுக்குப் போவோம். எனக்கு அவர் முகத்துல முழிக்கத் தைரியம் இல்ல. நீ முன்னால நட."