மிதிவண்டிகளும்

திருமுல்லைவாயில் ஏரிக்கரையின் சரளைக்கற்கள் மேல் காலை வெயில் சாய்வாக விழுகிறது. நாணலுக்குள் நீர்க்கோழி ஒன்று விட்டுவிட்டுக் கூவுகிறது. மிதிவண்டிகளுக்கென்றே போடப்பட்ட பாதையை அடைத்துக்கொண்டு ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி உறுமி நிற்க, அதற்கு ஒரு சாண் முன்னால் ராஜகுமாரி தன் மிதிவண்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறாள். சி.டி.எச். சாலையில் லாரி உரசி விழுந்த காயம் அவள் முழங்கையில் இன்னும் ஆறவில்லை. மண்ணூர்பேட்டை வேலைக்கு அஞ்சாமல் போக அவளுக்கு இது ஒன்றே வழி. "இது சைக்கிள் ரோடு. ரிவர்ஸ் எடு அண்ணாத்தே!" என்கிறாள். "இன்னாம்மா சவுண்டு உடுற? போர்டப் படி," என்று ஓட்டுநர் ரூபஸ் தலையை வெளியே நீட்டி வாசிக்கிறான்: "இப்பாதையில் மிதிவண்டிகளும் செல்லலாம். 'களும்'னு கீது பாரு! நாங்க போலாம், கூட நீயும் வா."

நடைப்பயிற்சிக்கு வந்த என்னை அவள் பார்க்கிறாள். "சார், நீங்க தமிழ் வாத்தியார்தானே? அவரு தப்பா படிக்கிறாருன்னு சொல்லுங்க சார்!" 'மட்டும்' வரவேண்டிய இடத்தில் ஓர் உம்மையை ஒட்டிவைத்த அறிவிலி எவனோ! பச்சைப் பலகையில் வெள்ளெழுத்துகள் வெயிலில் பளபளக்கின்றன. 'உம்' வந்தால் பிறவும் உண்டு என்று முப்பத்தாறு ஆண்டுகள் எச்சவும்மை கற்பித்த வாய் எரிகிறது. ரூபஸ் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறான். "சரியாகத்தான் படிக்கிறார், அம்மா," என்கிறேன். ராஜகுமாரி மிதிவண்டியைச் சி.டி.எச். சாலைப் பக்கம் திருப்புகிறாள்.