ஒட்டிய உறை

"சார், எனக்குக் கிடைச்சிருச்சு!"

மாணவி ஆய்வுக்கூடத்துக்குள் ஓடிவந்தாள். குளிர்கால விடுமுறையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்று வாரப் பயிற்சி. துறைக்கு ஓர் இடம்தான்.

பேராசிரியருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கா?"

"ஏன் சார், பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறீங்க? உங்க பரிந்துரைக் கடிதத்தைப் படிச்சுத்தான் இடம் கொடுத்தாங்களாம். பயிற்சி யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்குத்தான் முதலிடமாம்."

அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "நீ அதைப் படிச்சியா?"

"ஒட்டின உறையைப் பிரிப்பேனா சார்? என்னைப் பத்தி அவ்வளவு மட்டமாவா நினைக்கிறீங்க?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு தொலைஞ்சாலும் இருக்கட்டும்னு ரெண்டு பிரதி கேட்டு வாங்கினேன்ல? மிச்சமிருந்த உறையை முனைவர் பட்ட விண்ணப்பத்தோட நேத்தே அனுப்பிட்டேன். உங்களை மறுபடி தொந்தரவு பண்ண மனசு வரல."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"உங்க கடிதம் ராசியான கடிதம் சார். அப்படி என்னதான் எழுதினீங்க?"

மேசையில் கிடந்த அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அவள் கையெழுத்துதான். விடுமுறைக்குள் அந்த ஆய்வை முடித்தாக வேண்டும். அவளை விட்டால் அவருக்கு ஆளில்லை. அவள் போய்விடக் கூடாது என்றுதான் இரண்டு பிரதியிலும் எழுதி, தன் கையாலேயே ஒட்டித் தந்திருந்தார்:

'இவளுக்குத் தனியாக ஒரு வேலையும் செய்யத் தெரியாது.'