பன்னிரண்டாவது ஆள்

பதினோரு பேர் ஆற்றைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தாயிற்று. பன்னிரண்டாவது ஆளை மட்டும் காணோம். நஜிமுதீனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"வந்துருவாங்க, நீங்க சாப்பிடுங்க. இன்ஷா அல்லாஹ், நாளைக்குக் காலைல வந்து நிப்பாங்க பாருங்க," என்று ஜீனத் தட்டைக் கணவர் பக்கம் நகர்த்தினாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தவளைக்கு மரியாதை கொடுத்துப் பேசும் குடும்பம் திருச்சியில் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆமாம், தவளைதான். கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கும் நஜிமுதீன், கல்லூரித் தோட்டத்துக் குட்டையில் பன்னிரண்டு தவளைகளைப் பிடித்துப் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டினார். ஈரச்சாக்கில் போட்டு, பஸ் ஏறி, காவிரிப் பாலத்துக்கு அந்தப்புறம் ஸ்ரீரங்கத்துக் கரையில் ஒரு கீரைப் பாத்தி ஓரமாகக் கொண்டுபோய் விட்டார். பத்தே நாளில் பதினொன்று பழைய குட்டைக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.

தினமும் காலை ஒன்பது மணிக்கு, முதல் வகுப்புக்கு முன்னால் குட்டையை எட்டிப் பார்ப்பார். ஒன்றோ இரண்டோ புதிதாக வந்திருக்கும். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

துணி யோசனை மட்டும் அவருடையதல்ல. காந்தி மார்க்கெட்டில் கீரைக் கடை போடும் வேலம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கோழிக் காலில் கட்டவாம். அவர் தனக்கும் ஒரு முழம் கேட்டார்.

"உங்க வீட்டுலயும் கோழி இருக்குங்களா சார்?"

"கோழி இல்லம்மா. காலேஜ் குட்டையில இருக்கே தவளைங்க, அதுங்களுக்கு. என்னுதுன்னு அடையாளம் தெரியணும்ல?"

"பின்ன, தெரிய வேணாமா?" என்று வேலம்மாள் தாராளமாகக் கிழித்துக் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். கல்லூரியில் அவருக்குத் 'தவளை வாத்தியார்' என்று பெயர் வைத்து ஆறு வருஷம் ஆகிறது.

அவர் கண்டுபிடித்தது சின்ன விஷயமல்ல. தவளை தன் தோலாலேயே தண்ணீர் குடிக்கிறது. தோலாலேயே பாதி மூச்சும் விடுகிறது. அதே தோலால் தன் குட்டைத் தண்ணீரின் ருசியை ஞாபகம் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கிறது என்று நாற்பது பக்கம் எழுதி, மதராஸில் இருந்த பேராசிரியருக்கு அனுப்பினார். அவர் ஏற்றுக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம். போடாவிட்டால் காலம் முழுக்கத் தவளை வாத்தியார்தான்.

பேராசிரியர் நேரிலேயே வந்துவிட்டார். மனிதர் லேசில் நம்புகிறவர் அல்ல.

"பதினோரு தவளை குட்டையில இருக்கு, ஒத்துக்கறேன். ஒண்ணாவது என் கண் முன்னால வந்து சேரட்டும் மிஸ்டர் நஜிமுதீன். அந்த இடத்துலயே கையெழுத்துப் போடறேன். பன்னெண்டு மணி ரயிலுக்கு நான் கிளம்பணும்."

ஆகவே மறுநாள் காலை ஆறு மணிக்கே குட்டைக் கரையில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன. பேராசிரியர் பைனாகுலரை ஆற்றுத் திசையில் திருப்பி வைத்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தார். நஜிமுதீன் வாய்க்குள்ளேயே துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

ஆறரை ஆயிற்று. ஏழும் ஆயிற்று. ஓர் ஓணானும் இரண்டு மாணவர்களும் வந்தார்கள், தவளை வரவில்லை.

ஏழேகாலுக்கு வேலம்மாள் கீரைக்கூடையோடு வந்து எதிர்க்கரையில் இறக்கி வைத்தாள். மார்க்கெட் போவதற்குள் கீரை வாடிவிடாமல் குட்டைத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு போவது அவளுடைய தினப்படி வழக்கம். பேராசிரியர் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதம்மா. முக்கியமான ஒருத்தர் வர்ற நேரம்."

வேலம்மாள் பயந்துபோய்த் தலையை ஆட்டிவிட்டுக் கீரைக்கட்டுகளைச் சத்தமில்லாமல் புரட்டினாள். நஜிமுதீனுக்குக் கண்ணாடியில் பனி படிந்துவிட்டது. கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

தொபுக்!

இரண்டு பேரும் துள்ளி எழுந்தார்கள். குட்டைக்கு நடுவே, காலில் சிவப்புத் துணியோடு, கொழுகொழுவென்று ஒரு தவளை நீந்திக்கொண்டிருந்தது. நஜிமுதீன் விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டு!

"வந்துருச்சு! என் கண்ணு முன்னாலயே வந்துருச்சு!" என்று பேராசிரியர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஆத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி... என்ன தோலய்யா இது! கொண்டாங்க அந்தக் காகிதத்த."

நஜிமுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷக் கேலியும் அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்து போயிற்று. ஓடிப்போய் ஜீனத்திடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. காகிதத்தை நீட்டினார். பேராசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

வேலம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் நஜிமுதீனைப் பார்த்துச் சொன்னாள்:

"இனிமேலாவது குட்டைக்கு ஒரு வேலியப் போடுங்க சார், தினமும் பாலத்தைத் தாண்டி இதுங்களையும் சேத்துச் சுமந்துகிட்டு வர முடியல!"